ஒரேயொரு வியாழக்கிழமை கேட்டேன்

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் மென்பொருள் வேலைகளைத் திட்டமிட்டு முடித்துக்கொடுப்பது அப்போது எனக்குச் சோறு போட்ட தொழில். யாருக்குச் செய்கிறோம், என்ன செய்கிறோம், கொடுக்குமுன் பாவித்துப் பார்ப்பது யார் என்று எழுதிவைக்காமல் அங்கே ஒருவரும் கணினியைத் தொடுவதில்லை. எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு, ஆண்டுத் தேர்வுக்குப் பிள்ளைகளைப் பதிய ஒரு சிறு புரோகிராம் எழுத ஒப்புக்கொண்ட அன்று அந்தப் புத்தி எங்கே போய்த் தொலைந்ததோ.

திறக்குமுன் நான் கேட்டது ஒரேயொரு வியாழக்கிழமை. தாய்மார் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிறை விட்டால், வீட்டு எசமானிகளான சிஞ்ஞோராக்கள் அவர்களை விடுவது வியாழன் பின்னேரம்தான். நாலு பேர் வந்து தங்கள் பிள்ளைகளைப் பதிந்து பார்த்தால் பிழை தெரிந்துவிடும்.

பள்ளித் தலைவர் பஞ்சாங்கத்தை விரித்தார். "தம்பி, வாற ஞாயிறு பத்தேகாலுக்குத் திறப்பம். அருமையான நேரம்."

"அண்ணை, இன்னும் ஒருத்தரும் பாவிச்சுப் பாக்கேல்லை."

"நேரம் சரியெண்டால் எல்லாம் சரி. நீர் சும்மா பயப்பிடுறீர்."

கபோச் சந்தைக்குப் பின்னாலிருந்த பள்ளி அறையில், காய்கறிக்காரர்களின் கூவல் யன்னலால் ஏறிவர, கணினிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். விசைகளுக்கிடையில் குங்குமம் கொட்டியது. எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. பிள்ளைகளைப் பதிந்து, அன்று மாலையே பட்டியலைத் தேர்வு நடத்துவோருக்கு அனுப்பினோம். கடைசி நாளும் அதுதான்.

வியாழன் வந்தது. பக்கத்து ஊரான பகேரியாவில் வேலை செய்யும் தாய் ஒருவர் ரயிலால் இறங்கி நேரே வந்து, அச்சடித்த பட்டியலில் விரலை ஓடவிட்டு என்னைக் கேட்டார்.

"சின்னவள் இருக்கிறாள். மூத்தவள் எங்கை, அண்ணை?"

இரட்டைப் பிள்ளைகள். தகப்பன் பெயரும் பிறந்த திகதியும் ஒன்றானால் பிள்ளையும் ஒன்றே என்று எழுதி வைத்தவன் நான். தங்கையைப் பதிந்ததும் அக்கா அழிந்துபோனாள். இந்தத் தாய் முன்கூட்டியே ஐந்து நிமிடம் கணினிமுன் உட்கார்ந்திருந்தால் போதும். ஐந்தே நிமிடம்.

தேர்வு நடத்துவோரை அழைத்தேன். நாள் கடந்துவிட்டது, சேர்க்க முடியாது என்றார்கள்.

"ஒரு பிள்ளைதானே தம்பி," என்றார் தலைவர். "திறப்புவிழா நல்லாய் நடந்தது."

அந்தத் தாய் அவர் பக்கம் திரும்பாமல் என்னிடம் சொன்னார். "ஒருத்தி எழுத மற்றவள் பாத்துக்கொண்டு இருக்கேலாது. சின்னவளின்ரை பேரையும் எடுத்துவிடுங்கோ, அண்ணை. ரெண்டு பேரும் வாற வருசம் எழுதட்டும்."

எடுக்கச் சொல்லி மடல் எழுதினேன். சேர்க்கத்தான் நாள் கடந்திருந்தது, நீக்க இடமிருந்தது. அரை மணியில் பதில் வந்தது, நன்றியோடு.