தேய்ந்துபோன கொக்குகள்

நேற்று வேலை முடிந்து வரும்போது ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் பஸ் நகர மறுத்தது. கால் கடுத்தது, இருந்தும் இறங்கி நடந்தேன். பூட்டிக் கிடந்த ஒரு பழம்பொருள் கடையின் கண்ணாடிக்குள் அதைக் கண்டேன். கைப்பிடியில்லாத இரண்டு தேநீர்க் கிண்ணங்கள். நடுவே, மூன்று காலில் நிற்கும் சின்னப் பீங்கான் தூபச் சட்டி, மூடியில் புகை போக ஓட்டைகள். ஜப்பான் சாமான். சிவப்பும் பச்சையுமாகத் தீட்டிய பூக்கள், பொன் விளிம்பு, பறக்கும் கொக்குகள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சாம்பிராணி மணக்குமா என்று கேட்பீர்கள். எனக்கு மணந்தது.

அதேபோல் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. வீடு என்றால், அறைக்கொருவராக நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு. இந்தத் தெருவுக்குப் பின்னால்தான். அப்போது நான் இப்படியொரு கடையில் சாமான்களைப் பொதி செய்துகொண்டிருந்தேன். மூடி உடைந்ததை யாரும் வாங்கமாட்டார்கள் என்று முதலாளி அந்தச் சட்டியை எனக்குத் தந்தார். நிறமெல்லாம் பீங்கானின் மினுக்கத்துக்கு மேலேதான் ஒட்டியிருக்கிறது, மெல்லிய துணியால் துடைத்தால் போதும் என்று சொல்லியும் அனுப்பினார். கூடவே ஒரு தேநீர்க் கிண்ணம். அதில் ஒருநாள் குடித்து விரலைச் சுட்டுக்கொண்டேன். அதன்பின் எழுதும் பேனைகளை அதில் போட்டு வைத்தேன். சட்டியை மாடியறை மணியக்காவிடம் கொடுத்தேன்.

மணியக்கா முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தார். கணவர் யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருந்தார். அவர் வந்து சேர வேண்டும், அக்காவுக்கு வேறு வேண்டுதல் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் அடுப்பில் கரித்துண்டைச் சிவக்கவைத்து, அந்தச் சட்டியில் இட்டு, சாம்பிராணி போடுவார். கதிரையில் ஏறி நின்று, புகை அலாரத்தை ஷொப்பிங் பையால் மூடிப் பிடிப்பது என் உத்தியோகம். லண்டனில் நான் வகித்த மிகப் பொறுப்பான பதவி அதுதான்.

வில்லங்கம் வியாழக்கிழமையில் இருந்தது. குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் பழப்புளியும் சாம்பலும் போட்டு உரசுவார்.

"அக்கா, உரசாதேங்கோ. நிறம் போயிடும்."

"சாமிக்கு வைக்கிற ஏனத்தை மினுக்காமல் வைக்கிறதே? உனக்கென்ன விசரே?"

முதலில் பொன் விளிம்பு போனது. பிறகு பூக்கள். கொக்குகளுக்குக் கால்கள் போய், அப்புறம் சிறகும் போனது. விசா கிடைக்கவில்லை என்று செய்தி வந்த வாரம் இன்னும் அழுத்தி உரசினார். எனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அந்த வீட்டில் எல்லோரும் எதற்காவது காத்திருந்து அலுத்துப்போனவர்கள்தான். இதில் நான் என்ன தனி.

ஒருவழியாக விசா கிடைத்து அக்காவின் கணவர், அத்தான், வந்தார். நரைத்திருந்தார். கோட்டைக் கழற்றாமலே அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"கொக்குப் போட்ட ஜப்பான் சட்டியெண்டு போனில சொல்லுவீரே, எங்கை அது?"

"இதுதான்."

"இதில ஒண்டுமில்லையே. வெறும் வெள்ளை."

அக்கா சேலைத் தலைப்பால் அதை மெல்லத் துடைத்தார். அவர் அதைத் துடைத்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இருந்ததப்பா. நீங்கள் வாறதுக்குள்ள முடிஞ்சிட்டுது."

எனக்கு அங்கே நிற்க ஏலவில்லை. தேநீர் போடுகிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன்.

அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அத்தானும் காலமாகிவிட்டார். அக்கா இப்போது வட லண்டன் எட்மண்டனில், சாம்பிராணி போட அனுமதியில்லாத கட்டடமொன்றில், பற்றரி விளக்கோடு இருக்கிறார். அந்தச் சட்டி வீடு மாறும்போது எங்கேயோ தவறிவிட்டதாம்.

நேற்று கடை வாசலில் நின்றே அவருக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, அதே மாதிரி ஒண்டு. கொக்கெல்லாம் அப்பிடியே இருக்கு. நாளைக்குக் கடை திறக்க வாங்கட்டோ?"



"வேண்டாமடா தம்பி. இனி ஆர் வரவேணுமெண்டு உரசுறது?"