கிரேக்கக் கூடத்துச் சண்டை

என் வாழ்நாளில் ஒரே ஒரு ஆளைத்தான் கைநீட்டி அடித்திருக்கிறேன். அவன் காது கிழிந்து தொங்கியது. அந்தக் காதுக்காக இன்னொருவர் ஏழு வாரம் ஜெர்மன் சிறையில் கிடந்தார்.

அறுபதுகளின் கடைசி அது. கார்ல்ஸ்ரூஹேயில் வேதிப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி, அரை மணி தூரத்தில் இருந்த ஒரு சிறிய நகரத்தின் தொல்பொருள் மியூசியத்துக்குக் காவலர் வேலைக்குப் போவேன். சாம்பல் நிறச் சீருடையும், இரும்பு வளையத்தில் கோத்த பெரிய சாவிக்கொத்தும் கொடுத்தார்கள். "தொடக் கூடாது", "ஐந்து மணிக்கு மூடுகிறோம்" என்ற இரண்டு வாக்கியங்களை ஜெர்மனில் பிழையில்லாமல் சொல்லத் தெரிந்தால் போதும், வேலை ஓடிவிடும்.

எனக்கு ஒதுக்கியது மாடியில் இருந்த கிரேக்கக் கூடம். மட்பாண்டங்களும் வெண்கலச் சாமான்களும் என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் எங்கு திரும்பினாலும் கொலை. இடுப்பளவு உயரமுள்ள ஒரு ஜாடியில், கறுப்பு வண்ணத்தில் தீட்டிய வீரன் ஒருவன், மண்டியிட்டுச் சரியும் பெண்ணின் தொண்டையில் ஈட்டியை இறக்கிக்கொண்டிருந்தான். அவள் முகத்துக்கு மட்டும் வெள்ளை பூசியிருந்தார்கள். ஒரு மதுக்கிண்ணத்தின் அடியில், குடித்து முடித்தவனுக்கு மட்டும் தெரியும்படி, கழுத்தில் அம்பு தைத்துக் கிடக்கும் ஒரு ஆள். கூடத்தின் நடுவே தனிக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு வெண்கலத் தலைக்கவசம். மூக்கையும் கன்னங்களையும் மூடி, கண்களுக்கு மட்டும் இரண்டு துளைகள் விட்டிருந்தது. இடது நெற்றிப்பொட்டில் மூன்றாவதாக ஒரு துளை. ஈட்டி போன வழி. அதன் விளிம்பு உள்பக்கமாக மடிந்திருந்தது. கூட்டமில்லாத நேரங்களில் அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த நேரத்தில் உள்ளே ஒரு தலை இருந்திருக்கும் அல்லவா?

ஞாயிறு மதியம் தவறாமல் ஒருவர் வருவார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஊர் எல்லையில் இருந்த இரும்பு வார்ப்பு ஆலையில் வேலை செய்த கிரேக்கர், கிரீட் தீவுக்காரர். அந்த நாட்களில் ஜெர்மன் ஆலைகள் கிரேக்கர்களையும் துருக்கியர்களையும் ஒப்பந்தம் போட்டு ரயில் ரயிலாகக் கூட்டி வந்துகொண்டிருந்தன. அவர் புறங்கைகளில் தீப்பொறி பட்ட வடுக்கள் புள்ளி புள்ளியாக இருக்கும். ஆனால் மியூசியத்துக்கு வரும்போது டை கட்டாமல் வர மாட்டார். எங்கள் இருவருக்கும் தெரிந்தது அரைகுறை ஜெர்மன்தான். என்னை "இந்தியா" என்றே கூப்பிடுவார்.

ஒருநாள் கவணில் வைத்து எறியும் ஈயக் குண்டு ஒன்றின் முன்னால் என்னை நிறுத்தினார். பாதாம்பருப்பு அளவு. அதன்மேல் நாலைந்து எழுத்துகள்.

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"வாங்கிக்கோன்னு எழுதியிருக்கு. யார் மண்டையில படுதோ அவனுக்குச் சொல்றது" என்று சொல்லிச் சிரித்தார்.

எங்கள் தலைமைக் காவலருக்கு அவரைப் பிடிக்காது. ஐம்பது வயதுக்காரர், இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை, போரில் போய்விட்டன. கிரேக்கர் வந்து போனதும் கண்ணாடியைத் துணியால் துடைத்து, "விரல் ரேகை" என்று முணுமுணுப்பார். என்னிடம் அவர் மோசமாக நடந்ததே இல்லை. என் முதல் குளிர்காலத்தில், நான் நடுங்கிக்கொண்டு வருவதைப் பார்த்து, தன் மகனுடைய கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து தோளில் போட்டுவிட்டவர் அவர்தான். இதையும் சொல்லாவிட்டால் நடந்ததைச் சரியாகச் சொன்னதாகாது.

நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்று. போரில் தலைமைக் காவலரோடு ஒரே படைப்பிரிவில் இருந்த நண்பர்கள் நாலு பேர் அவரைப் பார்க்க வந்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டோடு பீர் குடித்துவிட்டு, ஐந்து பேரும் சத்தமாகப் பேசிக்கொண்டு மாடியேறி வந்தார்கள். கூடத்தில் வேறு யாரும் இல்லை, கிரேக்கரைத் தவிர. அவர் ஜன்னலோரம் ஒரு கல்லறைக் கல்லின் எழுத்துகளை உதடசைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

தலைமைக் காவலர் நண்பர்களைத் தலைக்கவசத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஈட்டி போன துளையைக் காட்டினார். அதிலிருந்து பேச்சு அவர்களுடைய போருக்குத் தாவியது. கிரீட் தீவில் பாராசூட்டில் குதித்தது, ஊர்க்காரர்கள் அரிவாளும் கோடரியுமாக ஓடிவந்து, மரத்தில் மாட்டித் தொங்கியவர்களை வெட்டியது. அவர் குரல் நடுங்கியதைக் கேட்டேன். அது உண்மையான நடுக்கம். பிறகு, அதற்குப் பதிலடியாக இவர்கள் செய்தது. ஒரு கிராமத்தின் ஆண்களையெல்லாம் ஆலிவ் தோப்பில் வரிசையாக நிற்க வைத்தார்களாம்.

"ஒரு கிழவன் தொப்பியக் கழட்டி வணக்கம் சொன்னான், ஞாபகம் இருக்கா?" என்றார் நண்பர்களில் தடித்தவர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

கிரேக்கர் ஜன்னலை விட்டு வந்தார். மெதுவாகத்தான் வந்தார். தலைமைக் காவலருக்கு எதிரே நின்று, "எந்த ஊர்?" என்று கேட்டார்.

தலைமைக் காவலர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஊர்ப் பெயரைச் சொன்னார். மறைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"என் ஊர் இல்ல" என்றார் கிரேக்கர். "என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர்."

சொல்லிவிட்டுத் தலைமைக் காவலரின் முகத்தில் குத்தினார். எலும்பு முறியும் ஓசை எனக்குக் கேட்டது. தலைமைக் காவலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், விரல் இல்லாத இடைவெளி வழியாக ரத்தம் கொட்டியது. முதல் அடி கிரேக்கர் அடித்ததுதான். அதில் சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகு நாலு பேரும் அவர்மேல் விழுந்தார்கள். கீழே தள்ளி, பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தார்கள். பார்வையாளர்கள் நெருங்காமல் இருக்க, கயிறு கட்டிய பித்தளைத் தூண்கள் நிறுத்தியிருப்பார்கள். தடித்தவர் அதில் ஒன்றைப் பிடுங்கி ஓங்கினார். முதல் வீச்சு கண்ணாடிப் பெட்டியில் பட்டுப் பெட்டி நொறுங்கியது. தலைக்கவசம் உருண்டு தரையில் மோதி மணிபோல ஒலித்தது. இரண்டாவது வீச்சில் ஜாடி உடைந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் தாங்கியது ஒரு நொடியில் ஓடுகளாகச் சிதறியது. நான் "தொடக் கூடாது, தொடக் கூடாது" என்று கத்திக்கொண்டு ஓடினேன். எனக்கு வாயில் வந்த ஜெர்மன் அதுதான்.

மூன்றாவது வீச்சுக்கு நான் குறுக்கே கையை நீட்டினேன். இடது மணிக்கட்டு முறிந்தது. சாவிக்கொத்து வலது கையில் இருந்தது. வளையத்தை விரல்களில் மாட்டிக்கொண்டு தடித்தவர் முகத்தில் வீசினேன். ஒருதரம் அல்ல, மூன்று தரம். இரண்டாவது வீச்சிலேயே காது கிழிந்துவிட்டது. மூன்றாவதை அதைப் பார்த்த பிறகுதான் வீசினேன்.

போலீஸ் வந்தபோது கிரேக்கர் ஓடுகளுக்கு நடுவே நினைவில்லாமல் கிடந்தார். நான் சுவரில் சாய்ந்திருந்தேன். சீருடை போட்டவன், கை முறிந்தவன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு ஒரு போலீஸ்காரர் தட்டச்சு செய்த தாளோடு வந்தார். ஐந்து பேரும் ஒரே மாதிரி வாக்குமூலம் கொடுத்திருந்தார்கள்: தலைக்கவசத்தை எடுப்பதற்காகக் கிரேக்கர்தான் கண்ணாடியை உடைத்தார், உடைந்த கண்ணாடித் துண்டால் தடித்தவரின் காதைக் கிழித்தார், தடுக்கப்போன காவலரின் கையை முறித்தார். அந்தக் காவலர் நான்தான்.

"சரிதானே?" என்றார் போலீஸ்காரர்.

முழுதும் புரியவில்லை என்று சொல்லலாம். அது பொய். காது, கண்ணாடித் துண்டு என்ற இரண்டு சொற்களும் எனக்கு நன்றாகத் தெரியும். வலது கையால் கையெழுத்துப் போட்டேன்.

விடுதியில் என் அறைத்தோழன் திருநெல்வேலிக்காரன். நடந்ததை அவனிடம் மட்டும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"எல, உனக்குப் பைத்தியமா? நீதான் அடிச்சேன்னு சொன்னா ஸ்காலர்ஷிப் கேன்சல். வீசா கேன்சல். உங்க அப்பாவுக்கு என்ன பதில் சொல்லுவ?"

"அவரு ஜெயில்ல இருக்காருல."

"அவரு முதல்ல அடிச்சாரா இல்லியா?"

"அடிச்சாரு."

"அப்புறம் என்ன? பேசாம படி."

பேசாமல் படித்தேன். மணிக்கட்டுக் கட்டோடு ஆய்வகத்துக்குப் போனேன், தேர்வு எழுதினேன். பேருந்தில் யாராவது உரசினால் திரும்பி அடிக்க வேண்டும் போலிருந்தது. ஒருநாள் ரொட்டிக் கடைப் பெண் என்னைக் கவனிக்காமல் அடுத்தவருக்குக் கொடுத்ததும், கல்லாமேல் ஓங்கிக் குத்திவிட்டேன். அவள் பயந்து பின்வாங்கியதைப் பார்த்து வெளியே வந்து தெருவில் வாந்தி எடுத்தேன்.

ஏழாவது வாரம் விசாரணை. சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். கிரேக்கர் டை கட்டி வந்திருந்தார். மேல்வரிசையில் இரண்டு பற்கள் இல்லை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. உண்மை தெரிந்தவன் வந்துவிட்டான் என்ற தெளிவு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீதிபதி என் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டி, இதில் மாற்றம் உண்டா என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை.

"காதைக் கிழித்தது நான். சாவியால். மூன்று தரம் அடித்தேன். கண்ணாடியையும் ஜாடியையும் என் கையையும் உடைத்தது அந்த மனிதர், பித்தளைத் தூணால்" என்று தடித்தவரைக் காட்டினேன்.

அந்த அறையில் அவ்வளவு பெரிய சத்தம் எழும் என்று நினைக்கவில்லை. தடித்தவர் எழுந்து நின்று ஏதோ கத்தினார். அவர் காது ஒழுங்காகச் சேராமல் மடங்கியிருந்தது. பித்தளைத் தூணைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார்கள். அதன் அடியில் கண்ணாடிப் பொடி இன்னும் ஒட்டியிருந்தது. அதற்கப்புறம் விசாரணை அதிக நேரம் நடக்கவில்லை.

மூக்கை உடைத்ததற்காகக் கிரேக்கருக்குத் தண்டனை உண்டு. உள்ளே இருந்த ஏழு வாரத்தை அதில் கழித்து அன்றே விட்டுவிட்டார்கள். ஆலை அவரை வேலையிலிருந்து நீக்கியது. தடித்தவர்மேல் தனி வழக்கு. எனக்குப் பொய் வாக்குமூலத்துக்கும் அடித்ததற்கும் சேர்த்து அபராதம். ஸ்காலர்ஷிப்பை நிறுத்தவில்லை, ஆனால் ஒரு வருடத்துக்குத் தரும் வீசாவை மூன்று மூன்று மாதமாகத்தான் நீட்டித் தந்தார்கள். காவலர் வேலை அன்றோடு போயிற்று.

நீதிமன்ற வாசலில் தலைமைக் காவலர் என்னை நிறுத்தினார். கோணலாகச் சேர்ந்த மூக்கு. திட்டுவார் என்று நினைத்தேன்.

"என் மகனோட கோட்டைத் திருப்பிக் கொடு" என்றார்.

அங்கேயே கழற்றிக் கொடுத்தேன். ஜனவரிக் குளிரில் சட்டையோடு ரயில் நிலையத்துக்கு நடந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மதியம் யாரோ அறைக் கதவைத் தட்டினார்கள். கிரேக்கர். பிராங்பேர்ட்டில் கட்டட வேலை கிடைத்திருக்கிறது, போகிற வழியில் இறங்கினேன் என்றார். உள்ளே வரச் சொன்னேன். வந்து, பெட்டியைக் கீழே வைத்தார்.

"ஏழு வாரம்" என்றார்.

என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் கன்னத்தில் அறைந்தார். இரும்பு வார்த்த கை. கட்டில்மேல் போய் விழுந்தேன். காதுக்குள் இரைந்தது. எழுந்து நின்றேன், இன்னொன்று விழும் என்று எதிர்பார்த்து. விழவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். நான் தேநீர் போட்டேன்.

குடித்துக்கொண்டே கேட்டார். "அவனை அடிச்சப்போ எப்படி இருந்துச்சு, இந்தியா?"

இவரிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "நல்லா இருந்துச்சு" என்றேன்.

தலையாட்டினார். "எனக்கும்தான்" என்றார். "அதுதான் பயமா இருக்கு."

ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் வாசல் வரைதான் வழியனுப்ப முடிந்தது. அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. திங்கட்கிழமை ஆய்வகத்தில் என் வீங்கிய கன்னத்தைப் பார்த்துப் பேராசிரியர் என்ன ஆயிற்று என்று விசாரித்தார். ஒருவர் அடித்தார் என்றேன். போலீசில் சொன்னாயா என்று கேட்டார். தேவையில்லை, தெரிந்தவர்தான் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.