ஒரே சங்கிலியில் இரண்டு வண்டிகள்

தொம்மலூர் விடுதியில் என் எதிர் அறை மாணவனுக்குக் கண்ணுக்குக் கீழே எப்போதும் கருவளையம். சாப்பாட்டுக்கு நடுவே எழுந்து, எச்சில் கையோடு பால்கனிக்குப் போய், தெருவில் நிற்கும் தன் பைக்கைப் பார்த்துவிட்டு வருவான்.

பரீட்சையன்று காலை பார்த்தால், என் ஸ்கூட்டரை அவன் பைக்கோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தான். பதறிப்போய் அவன் கதவைத் தட்டினேன்.

"சும்னே டென்ஷன் ஆவாத மச்சா. தனியா நின்னா தூக்கிடுவாங்க. ரெண்டையும் சேத்து எவன் தூக்குவான்?" என்றபடி வந்து திறந்துவிட்டான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேணாம்னுவ."

எரிச்சலோடுதான் கிளம்பினேன். ஆனால் அன்று மாலை நானே ஸ்கூட்டரை அவன் பைக்கை ஒட்டி நிறுத்தினேன்.

படிப்பு முடிந்ததும் அவன் பைக்கிலேயே ஊருக்குப் போய்விட்டான். அன்று சாப்பிடும்போது, கீழே என் ஸ்கூட்டர் தனியாக நிற்பது நினைவுக்கு வந்தது. எச்சில் கையோடு எழுந்து பால்கனிக்குப் போனேன்.