தேயிலைக்குப் புள்ளி இல்லை

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கொழும்பில் கோப்பை கழுவினேன், நுவரெலியாவில் மரக்கறி மூட்டை தூக்கினேன், பொகவந்தலாவையில் கொஞ்ச நாள் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தேன். கணினி நிரல் எழுதக் கற்றது திரை உடைந்த ஒரு போனில். பிறகு ஹட்டனில் போன் திருத்தும் கடையில் சேர்ந்து, வட்டகொடையில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அக்காவோடு தங்கினேன்.

அக்காவுக்குத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். யார் வந்தது, யாருக்குக் காய்ச்சல் என்று போனில் குறிக்க, தானே ஒரு நிரல் எழுத ஆசைப்பட்டாள். ஒரே நிபந்தனை: "இங்கிலீசுன்னா நான் வரலடா."

புதிதாக உருவாகிக்கொண்டிருந்த ஒரு கணினி மொழியில், நிரலுக்குள் வரும் விஷயங்களுக்கு எந்த நாட்டு எழுத்திலும் பெயர் வைக்கலாம் என்றார்கள். அதன் விதிநூல் இன்னும் வரைவாகத்தான் இருந்தது. 'தேயிலை' என்று அடித்தோம், ஏற்றது. 'பிள்ளை' என்று அடித்தோம், பிழை என்றது.

"தேயிலைய எடுத்துக்குது, பிள்ளைய வேணாங்குதா? தோட்டத்துத் தொரை மாதிரியே இருக்கே" என்று சிரித்தாள் அக்கா.

வரைவைத் தேடிப் படித்தேன். எழுத்தின் தலையில் வைக்கும் புள்ளியை, பெயரில் வரக்கூடிய எழுத்தாக அவர்கள் சேர்க்கவில்லை. தேயிலையில் புள்ளி இல்லை, அதனால் தப்பித்தது.

விதிநூலை எழுதும் குழுவுக்கு யாரும் எழுதலாம். பெயருக்குள் 'டொட்' வைக்க விடுங்கள் என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. முற்றுப்புள்ளிக்கு அந்த மொழியில் ஏற்கனவே வேறு வேலை இருக்கிறதாம். கோரிக்கையை மூடிவிட்டார்கள். 'டொட்' என்றால் அவர்களுக்கு முற்றுப்புள்ளிதான்; தவறு என்னுடையது. நமக்கு இரண்டும் புள்ளிதானே.

மூடியதைத் திறக்க அடுத்த கூட்டம் வர வேண்டும். அதற்குள் அக்கா புள்ளிகளை எடுத்துவிட்டு 'பிளளை', 'காயசசல' என்று எழுதிப் பார்த்தாள். இரண்டு நாளில் அவளுக்கே வாசிக்க முடியவில்லை.

"பல்லு போன மாதிரி இருக்குடா. ஒன் ஆளுங்க எப்பதான் சொல்லுவாங்க?"

போனை வைத்துவிட்டு மறுபடி கொப்பியில் குறிக்கத் தொடங்கினாள். இனி தொடமாட்டாள் என்றே நினைத்தேன்.

இரண்டாம் முறை நான் விளக்கம் எழுதவில்லை. அதே கொப்பியில் 'பிள்ளை' என்று அவளைப் பெரிதாக எழுதச் சொல்லி, புள்ளியைச் சிவப்பில் வட்டமிட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். குழுவில் ஒருவருக்கு விளங்கியது. அப்புறமும் ஒன்றரை வருடம் போனது. புள்ளியை 'ஏற்கலாம்' என்று எழுதுவதா, 'ஏற்க வேண்டும்' என்று எழுதுவதா என்பதிலேயே மூன்று கூட்டம். எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் 'ஏற்கலாம்' என்றால், பிள்ளை ஒரு போனில் உள்ளே வரும், இன்னொன்றில் வெளியே நிற்கும். அது விளங்கியதும், அவசரமில்லாமல் ஆறுதலாகவே பேசட்டும் என்று விட்டுவிட்டேன். வீடு தரலாம், காணி தரலாம் என்று 'லாம்' போட்டுப் பேசியவர்களை எங்கள் லயம் நிறையப் பார்த்திருக்கிறது.

கடைசியில் 'வேண்டும்' என்றே முடிந்தது. விதிநூல் வெளிவரும் முன்பே மொழியின் புதுப் பதிப்பு போனுக்கு வந்துவிட்டது. மத்தியானம், குழந்தைகள் தூங்கும் நேரத்தில், அக்கா பழைய நிரலைத் திறந்து ஒவ்வொரு புள்ளியாக வைத்தாள். ஓட்டினாள். பிழை.

போனை வாங்கி வரிவரியாகப் பார்த்தேன். ஏழாவது வரியில் ஒரு 'பிளளை' மொட்டையாகவே நின்றது.

"அட, இது நம்ம தப்புடா" என்று போனைப் பிடுங்கி, அக்கா அதற்கும் புள்ளி வைத்தாள்.