நண்டு வெளியே வந்த வாசல்

என் மகளை வீட்டில் நண்டு என்றுதான் கூப்பிடுவோம். தவழும் வயதில் ஓர் இடத்தில் நிற்கமாட்டாள். கட்டிலுக்கு அடியில் தேடினால் அலமாரிக்குப் பின்னால் இருப்பாள். இப்போது கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு. நிஜ நண்டையே அறுத்துப் பார்க்கிறாள். "உன் சொந்தக்காரங்களையே வெட்டுறியே, பாவமா இல்ல?" என்று அவள் அப்பா கிண்டல் செய்வார். அதெல்லாம் அவர் அவளிடம் பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கையில் படிந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவி, கண்ணை மூடி, உலகத்தைப் படைத்தவனுக்கு நன்றி சொல்லாமல் ஒரு வாய் சாப்பிடமாட்டார். நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். நின்று நின்று முழங்கால் தேய்ந்துவிட்டது. கோபம் மட்டும் தேயவில்லை.

காலையில் அப்பாவும் மகளும் ஒரே பஸ்ஸில் போவார்கள். பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. ஒருமுறை பேசிக்கொண்டே கல்லூரி நிறுத்தத்தையும் விட்டு, அவர் இறங்கவேண்டிய இடத்தையும் விட்டு, கடைசியில் டெப்போவில் போய் இறங்கியிருக்கிறார்கள். அன்றைக்கு அவளுக்குப் பரீட்சை வேறு. சாயங்காலம் இரண்டு பேரையும் நிற்கவைத்துத் திட்டினேன். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்களே தவிர, ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அந்தப் பேச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நின்றுபோனது. இவர் அண்ணன் என்று மதிக்கும் ஒருவர் சாப்பிட வந்திருந்தார். சேர்ந்து பிரார்த்தனைக்குப் போகிறவர்கள். நண்டு தட்டிலிருந்த கோழி இறக்கையின் எலும்பை எடுத்து, அப்பாவின் முழங்கையோடு சேர்த்துப் பிடித்தாள்.

"பாருங்கப்பா, ரெண்டும் ஒரே மாதிரி. மேல ஒரு எலும்பு, கீழ ரெண்டு."

"அப்ப நான் கோழிக்குச் சொந்தமா?"

"தூரத்துச் சொந்தம்."

எல்லாரும் சிரித்தோம். அதோடு விட்டிருக்கலாம். வந்தவர் சும்மா இருக்காமல், "படைச்சவன் ஒருத்தன்தானேம்மா, அதான் ஒரே மாதிரி இருக்கு" என்றார். இவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "அதெல்லாம் கதை அங்கிள். அப்பா மாதிரி ஆளுங்க நம்புறதுக்குன்னு சொன்ன கதை" என்றாள்.

அப்பா மாதிரி ஆளுங்க. அந்த வார்த்தைதான். அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோனார்.

அதற்குப் பிறகும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். இவர் முன்னால், அவள் பின்னால். வீட்டில் எல்லாமே என் வழியாக நடந்தது. "அப்பாவை ஃபேனை நிறுத்தச் சொல்லும்மா." "குடை எடுத்துட்டுப் போகச் சொல்லு அவள." மூன்றே அறை உள்ள வீட்டில் நான் தபால்காரி வேலை பார்த்தேன். அவள் ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. அவரோ சாப்பிட்டார், ஆனால் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இது இப்படியே உறைந்துபோய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. தகப்பனும் பிள்ளையும் பேசாமலே கிழமாகிப்போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் கல்லூரியில் விவாதம் என்று வந்து சொன்னாள். உயிர்கள் படைக்கப்பட்டனவா, பரிணாமத்தில் வந்தனவா என்று நான்கு பேர் பேசுகிறார்களாம். வெளியாட்களும் வரலாமாம்.

"நீயும் பேசப் போறியா?" என்றேன்.

"இல்லம்மா, கேட்கத்தான். அப்பாவை வரச் சொல்லு. அவர் பக்கத்தையும் ஒருத்தன் ஒழுங்கா எடுத்துப் பேசுறதை நான் அவர்கூட உட்கார்ந்து கேட்கணும்."

சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "வரேன்னு சொல்லு" என்றார். அவள் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. இவர் கல்யாணத்துக்குப் போகிற சட்டையைப் போட்டிருந்தார். நான் நடுவில், அவர்கள் இரண்டு பக்கமும். எனக்குக் கால் வலி என்று என் கைப்பையை இவர் தன் தோளில் மாட்டிக்கொண்டார். மாணவர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சமெல்லாம் இவருக்குக் கிடையாது.

படைப்புக்காகப் பேசிய பையன் சட்டம் படிக்கிறவன். ஆள் ஒல்லி, குரல் மட்டும் கணீரென்று இருந்தது. "ஒரு லிஃப்டைப் பார்த்தால் யாரோ செய்தது என்று தெரிகிறதே, ஒரு கண்ணைப் பார்த்தால் தெரியாதா?" என்று கேட்டான். இவர் என்னை இடித்த இடியில் விலா வலித்தது. "லிஃப்டுன்னு சொன்னான், கேட்டியா?" பரிணாமத்துக்காகப் பேசிய பெண் பாதி நேரம் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரையோடு பேசினாள். ஆனால் அந்தத் திரையில் மனிதக் கை, வௌவால் இறக்கை, திமிங்கிலத்தின் துடுப்பு என்று எலும்பு எலும்பாக வந்தபோது இவர் தன் முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். நண்டும் கவனித்தாள். அந்தச் சட்டக்காரப் பையனுக்கு அவள் கை வலிக்கக் கைதட்டியதை இவரும் கவனித்தார். ஆனால் வாய் திறக்கவேண்டுமே!

முடிந்ததும் தலைவர் எழுந்து அந்தக் கல்லூரி வழக்கத்தைச் சொன்னார். கை தூக்கச் சொல்வதில்லையாம். படைப்பு என்பவர்கள் இடது வாசல் வழியாகவும், பரிணாமம் என்பவர்கள் வலது வாசல் வழியாகவும் வெளியே போகவேண்டும். வாசலுக்கு ஒரு மாணவன் நின்று, போகிற தலையை எல்லாம் ஒரு சின்னக் கருவியில் டிக், டிக் என்று அழுத்தி எண்ணுவான்.

இவர் நேராக இடது பக்கம் போனார். எனக்கு இதில் ஓர் அபிப்பிராயமும் இல்லை. ஆனால் என் கைப்பை அவர் தோளில் போய்க்கொண்டிருந்தது. வீட்டுச் சாவி அதில்தான். பின்னாலேயே போனேன். என் ஓட்டு அப்படித்தான் விழுந்தது.

படி இறங்கி நின்றோம். பின்னால் டிக் என்றது. திரும்பினால் நண்டு. அதே இடது வாசலில் இறங்கி வந்து, அப்பா முன்னால் நின்று, எதையோ பரிசாகக் கொண்டுவந்தவள் போலச் சிரிக்கப் பார்த்தாள்.

அவர் அவளையே பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளிடம் வாயைத் திறந்தார்.

"இது உன் வாசல் இல்லையே."

"பரவாயில்லப்பா."

"என்ன பரவாயில்ல? மனசு மாறிடுச்சா?"

அவள் தரையைப் பார்த்தாள். "இல்லப்பா."

"அப்புறம் எதுக்கு இங்க வந்தே?"

"உங்களுக்காகத்தான்."

உருகிப்போவார் என்று நினைத்தேன். மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்காகப் பொய் சொல்றியா? நான் கேட்டேனா? அன்னைக்கு மனசுல பட்டதை மூஞ்சிக்கு நேரா சொன்னே, கோபம் வந்துச்சு. ஆனா என் பொண்ணு பேசுறான்னு தெரிஞ்சுது. இது யாரு?"

சொல்லிவிட்டு எண்ணுகிற மாணவனிடம் போனார். "தம்பி, இதுல ஒண்ணு குறைச்சுக்கப்பா. இந்தப் பொண்ணு தப்பான வாசல்ல வந்துட்டா."

"இது முன்னாலதான் போகும் சார், குறைக்க முடியாது."

"அப்ப ஞாபகம் வச்சுக்கோ. கடைசியில ஒண்ணு கழிச்சிடு." பிறகு அவளிடம், "நீ உள்ள போ. போய் உன் வாசல்ல வா."

அவள் வெளியே வருகிறவர்களையெல்லாம் இடித்துக்கொண்டு உள்ளே போனாள். இவர் கட்டடத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தார். கைப்பை அவர் முதுகில் குதித்துக்கொண்டு போனது. நான் நொண்டிக்கொண்டு, இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு பின்னால் போனேன். வலது வாசலுக்குப் போய்ச் சேரவும், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வரவும் சரியாக இருந்தது. டிக்.

"இப்ப சரி" என்றார் மூச்சு வாங்க.

"அப்பா, அன்னைக்கு அங்கிள் முன்னால அப்படிச் சொன்னது தப்பு."

"கதைன்னு சொன்னதா?"

"இல்ல. 'அப்பா மாதிரி ஆளுங்க'ன்னு சொன்னது."

"ம்" என்றார் அவர். அப்புறம் அவள் முடியை ஒதுக்கிவிட்டார். எனக்கு அந்த நேரத்தில் திட்டக்கூட வரவில்லை.

முடிவை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பரிணாமம் இரண்டு ஓட்டில் ஜெயித்தது. நான் விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். "ஏங்க, நீங்க சும்மா இருந்திருந்தா ரெண்டு பக்கமும் சமமா வந்திருக்கும்."

"எனக்கும் கணக்குத் தெரியும். வா, பஸ் வந்துடும்" என்றார்.

பஸ்ஸில் இருவரும் எனக்கு முன் இருக்கையில் ஒட்டி உட்கார்ந்தார்கள். ஏறினதும் ஆரம்பித்துவிட்டார்கள். "கண்ணு எப்படிப்பா தானா வரும்னு கேட்கிறீங்களா? சொல்றேன், நடுவுல பேசக்கூடாது." "நீ முதல்ல லிஃப்டுக்குப் பதில் சொல்லு." பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்து முறைத்தார். இவர்களுக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது? கையை நீட்டிக்காட்டி, எலும்பைத் தொட்டுக்காட்டி, ஒரே சத்தம்.

ஜன்னல் வழியாக எங்கள் தெருமுனை மருந்துக்கடை வந்தது. பஸ் நின்றது. யார் யாரோ இறங்கினார்கள். அங்கிருந்து வீடு கூப்பிடு தூரம். என் முழங்காலோ விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது.

பஸ் கிளம்பிவிட்டது. நான் அவர்களைக் கூப்பிடவில்லை.