கழுத்தில் தொங்கிய விசில்

இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது. தொம்மலூரில் ஐடி கம்பெனிகள் பெருகிய காலம். நான் சிட்டி பஸ் கண்டக்டர். சொத்தைக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க, வார ஓய்வு நாளில் இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். சின்ன கிளினிக். சுற்றிலும் கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டியவர்கள். பல்லைப் பிடுங்கிவிட்டு, "என்ன வேலை?" என்று டாக்டரம்மா கேட்டதும், "ஆபீஸ்ல, மேடம்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப நாளைக்கே வேலைக்குப் போலாம். இன்னிக்கு கொப்புளிக்காதீங்க, துப்பாதீங்க. குழியில உறைஞ்ச ரத்தம் கலையக் கூடாது."

அப்படியே செய்தேன். மறுநாள் வேலைக்குப் போய் நாள் முழுக்க விசில் ஊதினேன். மூன்றாம் நாள் வலி காதுவரை குடைந்தது. காக்கிச் சட்டையோடு போய்க் கத்தினேன். "என்ன மேடம் பல்லு புடுங்குனீங்க? உயிரே போவுது."

அவர் என் விசிலைப் பார்த்தார். "இத ஊதுனீங்களா? ஊதுனா அந்த ரத்தம் பேந்துடும் சார். கண்டக்டர்னு அன்னிக்கே சொல்லியிருந்தா லீவு எழுதிக் கொடுத்திருப்பேனே."

குழியைக் கழுவி மருந்து வைத்து அனுப்பினார். அந்த வாரம் முழுக்க பஸ் தகரத்தைக் கையால் தட்டித்தான் வண்டியை நிறுத்தினேன். ஒவ்வொரு தட்டும் என் கன்னத்தில் விழுந்தது.