ஈரச் சாக்கும் யுஎஸ்பி வரியும்

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்க்காமலே, எக்ஸ்ரே அறையில் வேலை செய்யும் ஒரு பெண்மேல் பழி போட்டீர்கள். கம்ப்யூட்டர் சர்வீஸ் பொறுப்பிலிருக்கும் நீங்கள் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டல் கிளினிக்கின் ஊழியர் வாட்ஸ்அப் குழுவில், "எக்ஸ்ரே கம்ப்யூட்டரில் அந்தம்மா சினிமா ஏற்றியிருக்கிறார், அதனால்தான் அடிக்கடி நின்றுபோகிறது" என்று எழுதினீர்கள். திங்கட்கிழமை முதல் வர வேண்டாம் என்று அவருக்குச் சொல்லிவிட்டார்கள்.

அவர் எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனில் பக்கத்து வீடு. நான் தினமும் ரயிலேறிப் பெங்களூர் போய் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பராமரிக்கிறவன். ஞாயிறு காலை டாக்டரிடம் சாவி வாங்கிக்கொண்டு நானும் அவரும் போனோம்.

லினக்ஸ் பெட்டி. சினிமா ஒன்றுகூட இல்லை. எந்த நிரலும் பெரிதாக வேலை செய்யவில்லை. ஆனாலும் கம்ப்யூட்டரின் மூளையான செயலி திணறியது. இன்டரப்ட் பட்டியலைத் திறந்தேன். கீபோர்டோ டிஸ்க்கோ செயலியை "என்னைக் கவனி" என்று கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அதில் எண் கூடும். யுஎஸ்பி வரியில் எண் படிக்க முடியாத வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னாண்ணா, கரண்ட் மீட்டர் மாரி ஓடுது?"

"யாரோ கூப்ட்டுக்கினே கீறாங்கம்மா. இதுவும் ஒவ்வொரு வாட்டியும் எழுந்து போய்ப் பாக்குது."

"எங்க வூட்டுக்காரரு மாரி. நான் கூப்ட்டா மட்டும் காது கேக்காது."

கீபோர்டையும் மவுஸையும் பிடுங்கினேன். எண் நிற்கவில்லை. எதுவுமே செருகப்படாத இடத்திலிருந்து அழைப்பு. வந்த அத்தனைக்கும் செயலி பதில் சொன்னது. நடுவில் மிஞ்சிய துளி நேரத்தில் எக்ஸ்ரே படங்களையும் ஒன்று கெடாமல் சேமித்திருந்தது. பல வருஷமாக இதே வேலைதான் செய்கிறேன். இப்படி ஒன்றை அன்றுதான் பார்த்தேன்.

பெட்டியின் தலையில் இரண்டு காலி யுஎஸ்பி துளைகள். உள்ளே வெள்ளையாக ஈரச் சேறு. ஜன்னலுக்கு எதிரே, தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேடு. காற்றடித்தால் தூசி வராமலிருக்க இங்கே எல்லோரும் ஜன்னலில் ஈரச் சாக்கு கட்டுவோம். அவரும் கட்டியிருந்தார். சாக்கின் முனை பெட்டிமேல் கிடந்து, தூசியும் நீருமாகத் துளைகளுக்குள் சொட்டியிருந்தது.

பெட்டியை அணைத்து, அந்தத் துளைகளுக்குப் போகும் வயரைக் கழற்றினேன். கீபோர்டைப் பின்பக்கம் செருகி, பெட்டியை மறுபடி இயக்கினேன். யுஎஸ்பி வரி அசையாமல் நின்றது. அவர் ஒரு விசையைத் தட்டினார். எண் சற்றே கூடி, நின்றது. மறுபடி தட்டினார். மறுபடி கூடி, நின்றது. அவர் விரலுக்கு ஒரு கணக்கு. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாக்கு கட்டியது தான்தான் என்று அவரே டாக்டரிடம் சொன்னார். வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் நீங்கள் எழுதிய வரி குழுவில் அப்படியே இருக்கிறது.

"ரயில் ஸ்டேசன்ல கூட 'சினிமாக்கா, இன்னிக்கு இன்னா படம்'ன்றாங்கண்ணா," என்றார் நேற்று.

எந்தப் படம்? அதே குழுவில், எல்லோரும் பார்க்க, பெயரை எழுதுங்கள். எழுத முடியாவிட்டால், பெட்டியைப் பார்க்கவே இல்லை என்று அங்கேயே எழுதுங்கள்.